கீழ்வீட்டில் கை நனைத்தவர்கள்

தை 26, திங்கள்

காலையில் பனி. எதிர் பிளாட்பாரமே தெரியவில்லை. பூதலூரில் ரயில் தாமதம், ஏறினால் உட்கார இடமில்லை. தஞ்சாவூர் வரை நின்றபடியே. பக்கத்தில் ஒரு அம்மா போனில் யாரையோ விரட்டிக்கொண்டே வந்தாள்: "மாவு பொங்கிடும்டி, எடுத்து உள்ள வை. உள்ள வைடி!"

செய்ய வேண்டியது: ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. சார்ஜர். உளுந்து வயலில் பூச்சி இருக்கிறதா பார்க்கச் சொன்னாள் அம்மா (பார்க்கவில்லை). அட்டெண்டன்ஸ் விஷயம்.

அட்டெண்டன்ஸ் விஷயம் தேறவில்லை. அலுவலக கிளார்க் அக்கா கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இதுவரைக்கும் ஒழுங்காத்தாம்மா வந்திருக்கே. மாசியிலேர்ந்து வரமாட்டேன்னா எப்படி? எழுபத்தஞ்சு பர்சென்ட் இல்லாம ஹால் டிக்கெட் வராது."

"வீட்டுக்காரர் ஊருக்குப் போகணும்க்கா."

"எந்த ஊரு?"

"கீழ."

"திருத்துறைப்பூண்டி பக்கமா?"

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இது எத்தனையாவது பி.காம். என்று எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று. என் வயது இருபதிலேயே நின்றுவிட்டது. கல்லூரி மாறுகிறது, யூனிபார்ம் மாறுகிறது. முந்தின சித்திரைப் பரீட்சைகளை அரியரில் தேற்றிவிடுவேன், கடைசி செமஸ்டர் மட்டும் ஒரு தடவைகூட எழுதியதில்லை. அலுப்பாக இருக்கிறது. கால் வலி வேறு.

தை 27, செவ்வாய்

பனி குறைவு. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருக்கிறார்கள். பஸ் ஊர்ந்து வந்தது.

இன்று எழுதி வைத்துவிட வேண்டும். கீழே மறதி வாய்க்கால் ஓடுகிறது. குடிக்கவே வேண்டாம், மாதக்கணக்கில் அந்தக் காற்று பட்டாலே போதும், திரும்பி வரும்போது காஸ்ட் அக்கவுன்டிங் மொத்தமும் காலி. போன வருஷம் என் செருப்பு சைஸே மறந்துபோயிற்று. ஆகவே, எனக்காகச் சுருக்கமாக:

நாங்கள் யவன தெய்வங்கள். மிளகு வாங்க வந்த கப்பலில் தொற்றிக்கொண்டு பூம்புகாரில் இறங்கியவர்கள். கப்பல் திரும்பிப் போயிற்று. அம்மா வயலைப் பார்த்தாள், அப்புறம் எங்கே போவது.

அம்மா: டெமீட்டர். விளைச்சல் தெய்வம். ஆதாரில் தமயந்தி. நான்: பெர்செபனி. கல்லூரியில் பிரியா. பெ.மா.: பெரிய மாமா ஜீயஸ். இடி, மின்னல், மழை. ஐப்பசி கார்த்திகையில்தான் வேலை, மற்ற நாளெல்லாம் பஞ்சாயத்து. ஹேடீஸ் மாமா: அம்மாவுக்குத் தம்பி. பாதாளம் முழுக்க அவருடையது. எனக்கு வீட்டுக்காரரும் அவர்தான்.

என்னை யாரும் கேட்கவில்லை. வாய்க்காலில் அல்லி பறித்துக்கொண்டிருந்தேன். நிலம் பிளந்தது. ரதத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போதென்றால் மகளிர் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பார்கள். அப்போது எல்லாரும் சொன்னது: "தாய்மாமன்தானே, முறைதானே."

அம்மா பஞ்சாயத்து வைத்தாள். பெ.மா. கேட்டது ஒரே கேள்வி. "அங்க ஏதாச்சும் சாப்பிட்டியா?" பசி தாங்காமல் மாதுளை நாலு முத்து வாயில் போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். "கை நனைச்சாச்சு. சம்பந்தம் முடிஞ்சது" என்று துண்டை உதறி எழுந்துவிட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில், உறுதியாகும்வரை சாப்பாட்டில் கை வைக்காமல் திரும்புகிற ஊர் இது. நான் என்னமோ பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

நாலு முத்துக்கு நாலு மாதம். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. நான் இல்லாத அந்த மாதங்களில் அம்மா எதையும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. உளுந்துக்குக் கொஞ்சம் பனி விடுவாள், அவ்வளவுதான். வாய்க்காலெல்லாம் காயும். ஊர் அணை திறக்கவில்லை என்று பேசிக்கொள்ளும்.

ஹேடீஸ் மாமா கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் கத்தலாம். மெதுவாகப் பேசுவார், காலையில் நாய்க்குப் பொறை போடுவார், நான் வந்ததும் ஃபேனைத் துடைத்து வைத்திருப்பார். பேச மட்டும் ஒன்றும் இருக்காது.

தை 28, புதன்

தலைவலி. மத்தியான வகுப்புக்குப் போகவில்லை. கேன்டீன் சாம்பாரில் உப்பு.

பெ.மா.வுக்குப் போன் போட்டேன். இந்த ஒரு வருஷம் மட்டும், பரீட்சை முடியும்வரை மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன்.

"சட்டம் போட்டது நான். நானே மாத்துனா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"எனக்குப் பதிலா வேற யாராச்சும் போய் இருந்தா?"

"தாராளமா. ஆனா அங்க கை நனைச்ச ஆளா இருக்கணும். அப்படி யாரு இருக்கா சொல்லு."

யாரும் இல்லை. சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். தூது போகிற ஹெர்மீஸ்கூடத் தண்ணீர் பாட்டிலும் சப்பாத்தி ரோலும் கட்டிக்கொண்டுதான் கீழே இறங்குகிறான். அம்மா வருஷா வருஷம் என்னை வாசல்வரை கொண்டுவந்து விடுவாள். தம்பி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததுகூட இல்லை. அவர் தண்ணீர்ச் சொம்போடு நிற்பார், அம்மா வேறு பக்கம் பார்ப்பாள்.

சாயந்திரம் பெ.மா. சொன்னதை அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள், "பி.காம். முடிச்சு என்னடி பண்ணப் போறே?"

"வேலைக்குப் போவேன்."

"என்ன வேலை?"

"எதுவோ. திருச்சியில. மாசச் சம்பளம். ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல ரெண்டாவது மாடி."

"மாடியா?"

"ஆமா. உன் வயலும் வேணாம், மாமாவோட பாதாளமும் வேணாம். நடுவுல எங்கயாச்சும் எனக்குன்னு ஒரு கட்டில் போதும்மா. நான் சலிச்சுப் போயிட்டேன்."

சொன்ன பிறகு பாவமாக இருந்தது. அம்மா புடைத்த உளுந்தையே மறுபடி முறத்தில் கொட்டிப் புடைத்தாள்.

தை 29, வியாழன்

பெட்டி கட்டினேன். சுடிதார் ஆறு. தலையணை உறை. கீழ்வீட்டு நாய்க்குப் பொறை மூன்று பாக்கெட், அதன் மூன்று தலைக்கும் ஒவ்வொன்று. ஒரு தலைக்குக் குறைந்தாலும் மற்ற இரண்டையும் கடித்துவைக்கும். புத்தகம் எடுத்து வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

கிளாஸ் வாட்ஸ்அப் குழுவில் ஹால் டிக்கெட் பற்றி நூறு மெசேஜ். ம்யூட் செய்துவிட்டேன்.

அம்மா திடீரென்று: "நாளைக்கு நான் உள்ள வரேன். தம்பிகிட்ட நானே பேசறேன்."

"நீ உள்ள வந்ததே இல்லையேம்மா."

"வந்தா என்ன, செத்தா போயிடுவேன்?"

தெய்வம் இப்படிப் பேசலாமா. சிரிப்பு வந்தது, இந்த வாரத்தில் முதல் தடவை.

மாசி 1, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. கொள்ளிடக் கரையில் இறங்கி மணலில் நடந்தோம். அம்மாவின் செருப்பு வார் அறுந்தது.

கேரான் அண்ணன் காத்திருந்தார். செத்தவர்களை அக்கரை சேர்க்கிறவர். முன்பு படகு. ஆற்றில் தண்ணீர் இல்லாததால் இப்போது ஷேர் ஆட்டோ. எங்களோடு புதிதாகச் செத்த தாத்தா ஒருவர், கழுத்தில் மாலையோடு. "ஏம்ப்பா, திரும்பி வர எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் கியர் போட்டார்.

நாய் என்னைப் பார்த்து மூன்று வாயாலும் குரைத்தது. ஹேடீஸ் மாமா வாசலுக்கு ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வாக்கா. உள்ள வா. வெயில்ல வந்திருக்கே, ஒரு வாய் மோராச்சும்..."

"வேணாம். பேசத்தான் வந்தேன். இவ பரீட்சை எழுதணும்."

"எழுதட்டும்க்கா. நானா வேணாங்கறேன்? அண்ணன் போட்ட சட்டம். பொண்ணு முகத்தைப் பார்த்தா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நாலு மாசமும் சொவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா."

அவருக்குத் தெரிந்திருக்கிறது! நான் குனிந்து நாய்க்குப் பொறை பிரித்தேன்.

அம்மா உட்காரவில்லை. நடந்துகொண்டே பேசினாள். பின்கட்டு தாண்டி நெருப்பாற்றுக் கரைவரை போய்விட்டோம். அங்கே களம் மாதிரி ஒரு பெரிய இடம். முழுக்க நெல்.

"இது என்னடா?"

"அறுப்பு நேரத்துல மழை பெஞ்சுதே, அப்ப சாய்ஞ்ச நெல்லுக்கா. மேல அழிஞ்சுபோறதெல்லாம் இங்கதான வரும். உன் நெல்லாச்சே, வீணாக்க மனசு வரல. இந்த நெருப்பு அனல்ல காயவெச்சு வெச்சிருக்கேன்."

அந்த மழை முடிந்த அன்று அம்மா வரப்பில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது குனிந்தாள், நாலு நெல்லை எடுத்தாள், வாயில் போட்டுக் கடித்தாள். களத்துக்கு வந்தால் யாரும் செய்வதுதான். காய்ந்த நெல் என்றால் பல்லில் டக்கென்று உடையும்.

"நல்லா காஞ்சிருக்கு" என்றாள்.

நாய் மூன்று தலையையும் தூக்கியது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா. முழுங்கிட்டியா?"

அம்மா வாயைத் தொட்டுப் பார்த்தாள். "அட, ஆமா. பழக்கதோஷம்."

மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுல கை நனைச்சிட்டியேக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். சந்தோஷமா பயமா, அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் கத்தினேன். என்ன காரியம் பண்ணினே, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா, இத்தனை காலமா ஜாக்கிரதையா இருந்துட்டு என்று என்னென்னவோ. பெ.மா.வுக்கு நானே போன் போட்டேன். கீழே சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது, பூதலூரைவிட.

பெ.மா. ரொம்ப நேரம் தொண்டையைக் கனைத்தார். "நாலு நெல்லா? அப்ப நாலு மாசம். ரெண்டு பேரும் கீழ இருந்தா மேல யாரு பாக்குறது? சட்டப்படி ஒருத்தி இருந்தா போதும்."

"நான் இருந்துக்கறேன். அவ போகட்டும்" என்றாள் அம்மா, பஸ்ஸில் சீட் விட்டுக்கொடுப்பவள் போல. "தம்பி வீடுதானே."

அதே ஆட்டோவில் திரும்பினேன். பின் சீட்டில் நான் மட்டும். அழுதேன். கேரான் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "திரும்பி வர்ற சவாரி எனக்கு உன்னைத் தவிர யாரும்மா இருக்கா? அழுவாத" என்றார்.

மாசி 2, சனி

வீடு காலி. எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. புளி டப்பாவில் பெருங்காயம், பெருங்காய டப்பாவில் பட்டன்.

எதிர்வீட்டு அத்தை: "அம்மா ஊருல இல்லியா?"

"தம்பி வீட்டுக்குப் போயிருக்காங்க."

"பரவால்லையே! சண்டை தீர்ந்துடுச்சா?"

தீர்ந்துவிட்டது என்றேன்.

அம்மா மூன்று தடவை போன். உளுந்தைப் பார்த்தியா. கேஸ் மூடினியா. "இங்க சோறு ஒரே கொழைச்சல், நான்தான் இனிமே வடிக்கணும்." பின்னால் மாமாவின் குரல்: "அக்கா, அப்பளம் பொரிக்கட்டுமா?" அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

உளுந்து வயலுக்குப் போனேன். இலைக்கடியில் பூச்சி. ஆள் சொல்லியிருக்கிறேன். மாசியில் மண்மேல் நிற்பது எனக்குப் புதிது. வெயில், அறுத்த நெல்லின் காய்ந்த தாள், கொக்கு. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். குற்ற உணர்ச்சிதான் வந்தது. எனக்குக் கிடைப்பதெல்லாம் ஏன் இப்படி யாருடைய மடியிலிருந்தாவது பிடுங்கியதாகவே இருக்கிறது.

மாசி 4, திங்கள்

ரயிலில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம்.

கிளார்க் அக்கா: "என்னம்மா, போகலையா?"

"அம்மா போயிருக்காங்க."

"மாமியா வீட்டுக்கு உனக்குப் பதிலா உங்கம்மாவா? நல்ல கூத்து." சிரித்துக்கொண்டே அட்டெண்டன்ஸைப் பார்த்தாள். விடாமல் வந்தால் போதும், ஹால் டிக்கெட் வந்துவிடும்.

சாயந்திரம் களத்தில் மிச்ச நெல்லைத் தூற்றி மூட்டை பிடித்தார்கள். அம்மா இருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். ஈரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும். தூற்ற வந்த மல்லிகா அக்கா இரண்டு நெல்லை எடுத்துக் கடித்தாள், "காஞ்சிருக்கும்மா" என்றாள், துப்பினாள். இந்தப் பக்கம் ஒருவர் கடித்தார், துப்பினார். நானும் கடித்துப் பார்த்தேன். உமி நாக்கில் ரம்பம் மாதிரி அறுத்தது. யோசிக்காமலே துப்பினேன்.

அப்படியே நின்றுவிட்டேன். நெல்லை யாரும் விழுங்க மாட்டார்கள். விழுங்க முடியாது. அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை கடிப்பாள், நூறு தடவை துப்புவாள். நாலு நெல். எண்ணி எடுத்திருக்கிறாள்.

மூட்டை கட்டி முடிக்கும்வரை இருக்கச் சொன்னார்கள். முடியவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று போன் போட்டேன்.

"அம்மா. நீ கடிச்சா துப்புவியே."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அம்மா, உன்னைத்தான் கேக்கறேன். ஏன் துப்பல?"

"உமி இன்னும் தொண்டையிலயே நிக்குதுடி, பேச முடியல. போனை வெச்சுட்டுப் படி."