அலுமாரிச் சப்பாத்தும் ஐந்து கொரியச் சொற்களும்

பெப்ரவரி 5, திங்கள்

வெயில். மழைக்காலம் ஒருவழியாகத் தொலைந்தது. கந்தோர் யன்னலைத் திறக்க முடிகிறது. துறைமுகத்துத் தண்ணீர் கண்ணைக் கூச வைக்கிறது. காலை முழுக்க டைப்பிங். ரிப்பன் தேய்ந்துவிட்டது. புதுசு கேட்டால் மனேஜர் ஐயாவுக்குக் காது கேட்காது.

அம்மா மூதூர் லோஞ்ச் படகுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறா: இந்த ஞாயிறு இரண்டு பேரும் கட்டைபறிச்சான் வீட்டுக்கு வரட்டாம். அப்பா ஒன்றும் சொல்லமாட்டாராம். கலியாணம் முடித்து ஒரு வருஷம், இவர் அந்த வீட்டுப் படி மிதித்ததில்லை. "காலில செருப்பில்லாதவனுக்கு என்ர பிள்ளையோ" என்று அப்பா சொன்னது இவர் காதிலும் விழுந்ததுதான் வினை.

போவோமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். இவருடைய பார்ப்போம் எனக்குத் தெரியாததா? ஆனால் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொன்னார். என்னவோ இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் முடிந்தது. நாளைக்கு வாங்க வேணும்.

6, செவ்வாய்

காற்று. உப்பில் கடதாசியெல்லாம் பிசுபிசுப்பு.

கந்தோரில் பெரிய கூத்து. பழுதுபார்க்க வந்து நிற்கும் கொரியக் கப்பலின் போர்மன் மிஸ்டர் சோ, நேரே ஐயாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்று கத்தினார். அந்தக் கப்பலுக்கு நாங்கள்தான் ஏஜன்ட். துருத் தட்டவும் பெயின்ட் அடிக்கவும் ஆள் பிடித்துக் கொடுத்ததும் நாங்கள்தான்; அந்த ஆட்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். போன கிழமை மிஸ்டர் சோ எல்லாருக்கும் புதுச் சப்பாத்து, ஹெல்மெட், கையுறை, பெல்ட், நீல உடுப்பு கொடுத்தாராம். ஹெல்மெட் ஒருவர் தலையில் இருந்தால் மற்றவர் தலையில் இல்லை. சப்பாத்தோ யார் காலிலும் இல்லை. கொதிக்கிற இரும்புத் தட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளித் திரிகிறார்களாம். மிஸ்டர் சோவிடம் இருப்பது கையளவு இங்கிலீஷ். "வெயர், வெயர்" என்று, போடச் சொல்லி, நாள் முழுக்கக் கத்தியும் ஒருவரும் அசையவில்லையாம்.

சனிக்கிழமையும் வெறுங்காலோடு வந்தால் எல்லாரையும் நிற்பாட்டிவிட்டுக் கொழும்பிலிருந்து ஆள் எடுப்பாராம். இவருக்கு இந்த வேலை கிடைக்க எத்தனை மாதம் காத்திருந்தோம்.

ஐயாவின் தீர்ப்பு: பாஷை விளங்காத கோளாறு. கொரியனில் போர்மன் என்ன சொல்கிறார் என்று தமிழில் ஒரு தாள் அடித்துக் கொடுத்தால் சரி. யார் செய்வது? அவர் கேட்டு முடிக்க முன்னம் நான் எழும்பி நிற்கிறேன். ஐயா என்னைப் பார்த்த பார்வை! எனக்குக் கொரியன் தெரியுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மிஸ்டர் சோ தன்னுடைய இங்கிலீஷ்-கொரியன் புத்தகத்தைத் தந்துவிட்டுப் போனார். எழுத்தெல்லாம் வட்டமும் கோடும். குட்டிக் கதிரை மேசை அடுக்கின மாதிரி. நல்ல காலம், உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்திலும் போட்டிருக்கிறது. இரவு வீட்டில் இவர் சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை, சோறு ஆறிப்போயிற்று.

எண்ணெய் வாங்க மறந்தேன்.

7, புதன்

இன்றைக்கு என் கால் நிலத்தில் இல்லை.

புத்தகத்தில் "வெயர்" கண்டுபிடித்தேன். இந்தப் பக்கம் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல், எதிரே கொரியன் வரிசையாக. எதை எடுப்பது? மத்தியானம் சாப்பிடக் கொண்டுவந்த பாண் துண்டையும் மறந்து இறங்குதுறைக்கு ஓடினேன். மிஸ்டர் சோ நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீட்டி, ஏன் இத்தனை என்று கையால் கேட்டேன். மனுஷன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பி நின்று, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்:

உடுப்பு: இப்தா
சப்பாத்து: சின்தா
ஹெல்மெட்: ஸ்ஸுதா
கையுறை: கிதா
பெல்ட்: மேதா

ஒன்றை மற்றதற்குச் சொன்னால் என்ன என்று ஹெல்மெட்டைத் தொட்டு "சின்தா" என்றேன். அவர் ஹெல்மெட்டைக் காலில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து காட்டினார். சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. நேற்றுக் கத்தினவர் இவர்தானா?

திரும்பி வரும்போது பூக்கடையடியில் சட்டென்று நின்றேன். நாங்கள் மட்டும் என்னவாம்? சாறி உடுக்கிறோம். சேட் போடுகிறோம். பெல்ட் கட்டுகிறோம். பூ வைக்கிறோம். பூவை உடுத்தேன் என்றால் பூக்காரியே சிரிப்பாள். எங்களிடமும் இதே வழக்கம்தான்! நடுவில் இந்த "வெயரை" வைத்துக்கொண்டு நானும் மிஸ்டர் சோவும் ஏன் மாரடித்தோம்? தமிழிலிருந்து கொரியனுக்கு நேரே போகலாம். திரும்பவும் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். விளங்கியதோ தெரியாது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எட்டு வருஷமாக இங்கிலீஷ்தான் டைப் பண்ணுகிறேன். இவ்வளவு சந்தோஷம் ஒரு நாளும் வந்ததில்லை.

8, வியாழன்

இறங்குதுறைக் கொட்டிலில் வகுப்பு. என் வகுப்பு! ஐயாவே அரை மணித்தியாலம் தந்தார். ஆட்கள் சாக்கில் குந்தியிருந்தார்கள், மிஸ்டர் சோ வாசலில். நான் சப்பாத்துப் படத்தைக் காட்ட எல்லாரும் ஒரே குரலில் "சின்தா". காகங்கள் பறந்துவிட்டன. எல்லாருக்கும் மூத்த அண்ணன் மாதிரியான கிண்ணியா காசிம் காக்காதான் கெட்டிக்காரர், ஐந்தையும் தலைகீழாகவும் சொன்னார். இவர் கடைசி வரிசையில் இருந்து என்னை யாரோ புது மனுஷியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, குரல் மட்டும் குறையவில்லை.

முடிய மிஸ்டர் சோ எனக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார். ஐயா புது ரிப்பன் தந்தார்!

9, வெள்ளி

காலை: எல்லாரும் வெறுங்கால். எல்லாரும்! ஐந்து சொல்லும் பாடமாக்கிக்கொண்டு வெறுங்கால். மிஸ்டர் சோ கத்தவில்லை, அதுதான் பயம். நாளைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். போகிறோமோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமைக்குச் சாறி எடுத்து வைப்போம் என்று அலுமாரியைத் திறந்தேன். கூறைச் சாறிக்குள் கனமாக ஏதோ. இழுத்தால், சப்பாத்து. புதுசு. துடைத்துப் பளபளவென்று, உள்ளே கடதாசி அடைத்து.

கையில் தூக்கிக்கொண்டே இறங்குதுறைக்குப் போனேன். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. இவர் என் கையைப் பார்த்தார், தலை குனிந்தார்.

"சின்தா எண்டா விளங்குதுதானே?" என்று கேட்டேன்.

"ஓம். முதல் நாளே விளங்கினது. மனுசன் கையால காட்டினவர்தானே."

"பிறகேன் போடேல்ல?"

"ஞாயிற்றுக்கிழமைக்கு. உங்கட அப்பா வீட்டுக்குப் புதுசாப் போட்டுக்கொண்டு போக."

திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. மற்றவர்களைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரு கதை. காசிம் காக்கா பெருநாளுக்கு வைத்திருக்கிறாராம். இன்னொருவர் மகளின் கலியாணத்துக்கு. துருவிலும் பெயின்டிலும் போட்டு மிதிக்கவா இவ்வளவு நல்ல சப்பாத்து? தொடங்கி வைத்தது என் வீட்டுக்காரராம், எல்லாரும் கை காட்டுகிறார்கள். பாஷை விளங்காத கோளாறாம்! நானும் என் ஐந்து சொல்லும்.

மிஸ்டர் சோவிடம் போனேன். புத்தகத்தைப் பிரித்து, கையைக் காலை ஆட்டி, கலியாணம், பெருநாள், மாமனார் எல்லாம் விளங்கப்படுத்தினேன். குனிந்து தன் சப்பாத்தைத் தட்டினார். பிறகு, "ஷிப் கோ, ஷூ கோ" என்றார். கப்பல் போகும்போது சப்பாத்தும் போகுமாம். தந்தது வேலைக்கு மட்டும், சொந்தமாக இல்லை.

ஆட்களிடம் சொன்னேன். காசிம் காக்காதான் முதலில் வாய் திறந்தார்: "திருப்பிக் குடுக்கிற சாமானை ஆர் பொத்திப் பொத்தி வைப்பான்?"

10, சனி

எல்லார் காலிலும் சப்பாத்து! டக் டக் என்று பட்டாளம் மாதிரி ஏணியில் ஏறினார்கள். கொழும்பு ஆட்கள் வரமாட்டார்கள். வேலை தப்பியது. பெருமூச்சு விட்டேன்.

பத்து நிமிஷம்தான். மிஸ்டர் சோ திரும்பவும் கத்துகிறார். கொரியர்கள் சாப்பாட்டு அறைக்குள் சப்பாத்தோடு போகமாட்டார்கள், எங்களைப் போலவே வாசலில் கழற்றுவார்கள். எங்கள் ஆட்களோ இப்போது கழற்ற மாட்டார்களாம். போகப்போகிற சப்பாத்து, இருக்கிற வரைக்கும் காலில் இருக்கட்டுமாம். ஆகவே புதுத் தாள். கழற்றுவதற்குக் கொரியனில் "பொத்தா". உடுப்போ ஹெல்மெட்டோ சப்பாத்தோ, எல்லாவற்றுக்கும் ஒன்றே! (பெல்ட்டுக்கு வேறாம். போகட்டும்.) போடுவதற்கு இத்தனை பாடு, கழற்றுவது இவ்வளவு சுகம்.

இனி வேலை முடிகிற ஒவ்வொரு பின்னேரமும் சப்பாத்தெல்லாம் கப்பல் ஸ்டோருக்குள் போக வேண்டுமாம். இவர் முகம் சுருங்கிற்று. கட்டைபறிச்சானுக்கு நீ மட்டும் போ என்றார்.

விடுவேனா? புத்தகத்தோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் பொறுக்கினேன். ஞாயிறு, புருஷன், சப்பாத்து, சின்தா, வீடு, போக. மிஸ்டர் சோவின் முன்னால் நின்று மூச்சு விடாமல் சொன்னேன். என் முதல் கொரியன் வசனம்! நடுவில் தகப்பனுக்குச் சொல் தேடி வைக்காதது நினைவு வந்தது. தடுமாறி, தமிழிலேயே "அப்பா வீடு" என்றேன்.

"அப்பா?" என்றார். தன் நெஞ்சைத் தொட்டார். கையைத் தாழ்த்தி, இவ்வளவு உயரம், இவ்வளவு உயரம் என்று இரண்டு பிள்ளைகளைக் காட்டினார். பிறகு அந்தப் பிள்ளைகளின் குரலில் தன்னையே கூப்பிட்டார்: "அப்பா! அப்பா!" எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர்களுக்கும் அப்பா, அப்பாதான்!

சப்பாத்தை எடுத்துத் தந்தார். திங்கள் காலை திரும்ப வேண்டும். தன் பொலிஷ் டின்னையும் தந்தார்.

11, ஞாயிறு

கடல் தட்டையாக, நல்ல வெயில். லோஞ்சில் இவர் காலை மடக்கவே இல்லை, தண்ணீர் தெறிக்குமாம். மூதூரில் இறங்கி பஸ். பிறகு வயல் வரம்பு, சேறு. பொலிஷ் எல்லாம் போயிற்று. இவர் நின்று நின்று பார்த்தார், நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

அப்பா வாசலில் நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த வீட்டுக்குள் யார் செருப்போடு போயிருக்கிறார்கள்? இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தது வாசற்படி மட்டும்தான்.

இவர் குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். இரட்டை முடிச்சு, ஈரத்தில் இறுகிப்போயிற்று. அப்பா சேறு பட்ட சப்பாத்தைப் பார்த்தார், இவர் குனிந்த தலையைப் பார்த்தார்.

"அப்பிடியே உள்ளுக்கு வாங்கோ தம்பி" என்றார்.

வாங்கோ என்றார். அம்மா மெழுகின நிலத்தையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தா.

"இல்ல மாமா, கழட்டிப்போட்டு வாறன்" என்று சொல்லி, கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். நான் பின்னால். திரும்பிப் பார்த்தால் அப்பா இன்னும் வாசலில். சப்பாத்து இரண்டையும் கையில் தூக்கி, நாய் கடிக்காத இடமாக உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

சேறு இன்னும் காயவில்லை. விடிய முன்னம் துடைக்க வேணும்.