செவலைக்குத் தனித் தொட்டி

அன்பு மகன் அருள்பாண்டிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் பெண்டாட்டி பாண்டிமீனாவும் பேத்தியும் மாடு கன்றுகளும் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் நல்லபடி இருக்க நம்ம ஊர் மாரியம்மன் துணை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், கடைசிவரை படி.

செவலையை விற்கச் சொன்னாயே, விற்கவில்லை. தலையீத்து ஈன்றதிலிருந்து பால் குறைந்து எலும்பு தெரிய நின்றது வாஸ்தவம்தான். தரகர் வந்து கயிற்றைப் பிடித்தபோது மீனா குறுக்கே நின்று, ஒரு மாசம் பொறுங்க அத்தை, இது சீக்கு இல்ல, பட்டினி என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம், நான் வைக்கிற தீவனத்தில் என்னடி குறை என்று கத்தினேன். நீங்க வைக்கிறீக, அது வாய்க்குப் போகுதான்னு நின்னு பாருங்க என்றாள். பார்த்தேன். ஒரே தொட்டியில் எல்லா மாடும் தின்னப் போனால் கொம்புக்காரி முட்டி விரட்டுகிறாள், செவலை பின்னால் நின்று மிச்சத்தை நக்குகிறது. பால் வற்றிய சினைமாடோ கறவைக்கு வைத்த புண்ணாக்கைத் தின்று கொழுக்கிறது.

உன் பெண்டாட்டி தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைத்தவள் அல்லவா, அங்கன ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல விட மாட்டாக அத்தை, இங்கனயும் பிரிச்சு விடுவோம் என்று மூங்கில் கட்டித் தொழுவத்தை மூன்றாக்கிவிட்டாள். நன்றாகக் கறப்பவை ஒரு பக்கம், அதற்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கூடுதல். சினைமாடு ஒரு பக்கம், அதற்குச் சோளத்தட்டை நிறைய, புண்ணாக்கு அளவோடு. செவலை ஒத்தையில் நின்றால் கத்தும் என்று அதன் வயசு மாடு இரண்டைச் சேர்த்து மூன்றாவது தொட்டி. இப்போது செவலை முதுகில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும். பால் ஊற்றுகிற இடத்தில், புது மாடு வாங்குனீகளா ஆத்தா என்று கேட்கிறார்கள். அவள் மூளை எம்புட்டு!

இவள் அம்மா பஞ்சம்மாள் உன் கல்யாணப் பந்தியில் என் இலைக்குப் பாயசம் ஊற்றாமல் தாண்டிப்போனதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அது அவளோடு. இவள் தங்கம்.

ஏலே, இன்னொன்றும் மறக்கவில்லை. அந்த ஒரு மாசத்தை அவள் உன்னிடம் கேட்டபோது, வெடி சுத்துனவளுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும் என்றாய். பக்கத்தில்தான் நின்றேன். போனை என்னிடம் தந்துவிட்டுத் தொட்டி கழுவப் போனாள். அடுத்த தடவை போன் போட்டால் முதலில் அவளிடம் பேசு. தரகர் நேற்றும் வந்து, செவலைக்கு யாரிடம் விலை பேச வேண்டும் என்றார். பாண்டிமீனா மாடு, அவளிடம் கேளும் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் அதுதான் பதில்.

நல்லாயிரு ராசா. அங்கே மெஸ்ஸில் முண்டியடித்துத் தின்பார்களாமே, நீ பின்னால் நிற்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துமாரியம்மாள்