பாபின் தீரும்வரை எழுந்திருக்கக் கூடாது

என் அன்பு மகளே,

இங்கே நானும் உன் சித்தியும் தையல் மெஷினும் சத்தத்துக்குக் குறைவில்லாமல் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் வார்டு நோயாளிகளும் எங்களைவிட அமைதியாக நலமாயிருக்க வேண்டும். நீ எங்களிடம் விட்டுப்போன உன் மகள் வெட்டுக்கிளியும் சுகம். வென்றுவிட்டோம் மகளே. இந்தச் செய்தியைக் கல்லில் செதுக்கி அனுப்பத்தான் நினைத்தேன், தபால்காரர் பாவம் என்று உன் சித்தி தடுத்ததால் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து உன் மகள் வீட்டுப்பாடமே எழுதுவதில்லை என்று டீச்சர் புகார் சொன்னதும், மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுவேன் என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, அதைக் கேட்டு உன் சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் மிகுந்த வருத்தத்தோடு. மூன்றாம் நாள் போர்க்கோலம் பூண்டு, உலகத்திலேயே முதல் வீட்டுப்பாடச் சட்டையைத் தைத்தேன். பதினான்கு பைகள், பென்சிலுக்கு ஒன்று, ரப்பருக்கு ஒன்று, ஸ்கேலுக்கு நீளமாக ஒன்று. வெட்டுக்கிளி அதைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் முழுக்க ரப்பரை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் குடிமாற்றினாள், ஓர் எழுத்து எழுதவில்லை. அடுத்து, அவள் பள்ளிப் பையை இறக்கும் முன்பே பக்கத்தில் உட்கார்ந்து எழுது எழுது என்று உயிரை எடுத்தேன். அவளுக்குத் தாகம், வயிற்றுவலி, ஒரே மணி நேரத்தில் பதினோரு தடவை பாத்ரூம். அந்த உடம்பில் அவ்வளவு தண்ணீர் இருக்குமானால் தெருவுக்கே குழாய் இழுத்துவிடலாம்.

இந்த நிலையில் பல் டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டைக் கேட்டு நான்காவது முறையாகக் கடைக்கு வந்தார், நானும் வழக்கம்போல நாளைக்குக் கட்டாயம் என்று சத்தியம் செய்து அனுப்பிவைத்தேன். அவர் படி இறங்கியதும் வெட்டுமேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "ஏன் தாத்தா, நானும் டீச்சர்கிட்ட அதத்தான சொல்றேன், என்னை மட்டும் ஏன் திட்டுறீங்க?" உன் சித்தி சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டியிருந்த கத்தரிக்கோல்கள் ஆடின. முப்பது வருஷ மாஸ்டர் மூன்றாம் வகுப்பிடம் சரணடைந்தேன்.

உடன்படிக்கை இதுதான். வந்ததும் கைகால் கழுவிச் சாப்பாடு, அரைமணி நேரம் தெருவில் சைக்கிள், அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாது. ஐந்து மணிக்கு வெட்டுமேசையின் இரண்டு முனையிலும் இரண்டு பேர், அவளுக்கு நோட்டு, எனக்குப் பாக்கித் துணிகள். மெஷினுக்கு அடியில் போடும் சின்ன நூல் உருளை, அந்தப் பாபின் தீரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நான் அடுத்ததைச் சுற்றும்போது அவள் குதித்துக்கொள்ளலாம். முதல் நாள் நிமிஷத்துக்கு ஒருமுறை தீந்துச்சா தீந்துச்சா என்று கேட்டாள். மூன்றாம் நாள் நான் டீக்காக நைசாக நழுவப் பார்த்தபோது சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஒன்பதாம் நாள் நூல் தீர்ந்தது, மெஷின் நின்றது, அவள் தலை நிமிரவில்லை. "இருங்க தாத்தா, இந்தக் கணக்க முடிச்சிட்டு வரேன்." என் கண்ணில் நூல் தூசி விழுந்துவிட்டதாகச் சித்தியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

நேற்றோடு பதினைந்து நாள், ஒரு நாள்கூட விடாமல் நோட்டில் டீச்சர் கையெழுத்து. வீட்டில் உன்னை யார் உட்காரவைப்பது என்று டீச்சர் கேட்டாராம், தாத்தாவை நான்தான் உட்காரவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கோட்டும் கொடுத்தாகிவிட்டது, சொன்ன தேதிக்குத் துணி கிடைப்பதால் கடை கைமாறிவிட்டதோ என்று ஜனங்கள் சந்தேகப்படுகிறார்கள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. போனில் அவளிடம் எடுத்த எடுப்பில் வீட்டுப்பாடம் முடிச்சியா என்று கேட்காதே, சைக்கிளில் எவ்வளவு தூரம் போனாய் என்று கேள், மற்றதை அவளே சொல்வாள். கையெழுத்துப் போடச் சொல்லி நீ அனுப்பிய விடுதி விண்ணப்பம் கெட்டிக் காகிதமாக இருந்தது, காலருக்கு அச்சு வெட்டிவிட்டேன், வேறு கேட்டு வாங்காதே. நீ நூறு வயது நோயில்லாமல் இருக்க எங்கள் ஆசி. லீவு கிடைத்ததும் வா. அவளைக் கூட்டிக்கொண்டு போக வராதே, பார்க்க வா.

இப்படிக்கு,
பதினான்கு பைச் சட்டை கண்ட மாவீரன்,
உன்னைத் தோளில் சுமந்து வளர்த்த
சித்தப்பா