பெட்டி செய்கிறவனுக்கு ஓர் ஓட்டு

பிப்ரவரி 1, ஞாயிறு

மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நகரசபைத் தேர்தல், சுயேச்சை, வால்டர், வயது அறுபது, தொழில் தச்சு. சவப்பெட்டி என்றே எழுதப் போனேன், கூட வந்த சிநேகிதன் கிளமெண்ட் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.

தங்க மைன்ஸ் மூடியதிலிருந்து இந்தத் தொழிலாளர் லைன் வீடுகளில் யார் செத்தாலும் கூப்பிடுவது என்னைத்தான். கிறிஸ்தவர் வீட்டுக்குப் பெட்டி, இந்துக்கள் வீட்டுக்குப் பாடை. குழிக்கு ஆள் பிடிப்பதும் நான், கயிறு பிடித்து இறக்குவதும் நான். எனக்குத் தெரியாத வீடு ஒன்று கிடையாது. எனக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடப் போகிறார்கள்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ராத்திரியில் ஒரு டாக்டர். இருட்டின பிறகு நெஞ்சுவலி வந்தால் ஆட்டோவில் போட்டுக் கோலாருக்கு ஓட வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் போய்ச் சேருவதற்குள் என் வாடிக்கை ஆகிவிடுகிறார்கள். சபையில் போய் உட்கார்ந்தால் நச்சரித்தாவது வாங்கிவிடலாம்.

"டாக்டரு வந்துட்டா உனுக்கு இன்னா வேலை?" என்றாள் பாக்கியவதி.

"அதுக்குத்தான் நிக்கிறேன்" என்றேன். என் பெண்டாட்டி சிரிக்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

சின்னம் கொடுத்துவிட்டார்கள். அலமாரி.

டீக்கடையில் பெருமாள் நோட்டீஸைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா வால்டரு, பெட்டிய நிக்க வெச்சா மாதிரி கீது" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பிப்ரவரி 7, சனி

இன்றைக்கு வீடு வீடாகப் போனோம். போகாமலே இருந்திருக்கலாம்.

முதல் வீட்டில் ஸ்வீட்டியின் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணு நெறமாசமா கீறா. நீங்க உள்ள வராதீங்க. ஓட்டு உங்களுக்குத்தான்." அடுத்த வீட்டில் படுக்கையில் கிடந்த பெரியவர் என்னைப் பார்த்ததும், "எனுக்கு இன்னும் டைம் கீதுப்பா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அதற்கடுத்த வீட்டில் ஜன்னலையே சாத்தினாள் ஒருத்தி.

 அவள் புருஷனைக் குழியில் இறக்கினவன் நான்! அன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவள்தானே?

"அதனாலதான்" என்கிறாள் பாக்கியவதி.

பிப்ரவரி 8, ஞாயிறு

கிளமெண்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "எலெக்‌ஷன் முடியற வரிக்கும் பொணத்தத் தொடாத. பட்டறைய மூடு. வெள்ளச் சட்ட போட்டுனு சிரிச்ச மொகமா வா."

பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கிறவன், எனக்கு நல்லதுதான் சொல்லுவான். சரி என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பட்டறை பூட்டியே கிடக்கிறது. கைக்கு வேலையில்லை, வாய்க்குத்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மூன்று வீடு தள்ளி இருக்கிற லூயிசாக்கா போய்விட்டாள். விடியற்காலை அவள் மகன் இவான் வாசலில் வந்து நின்றான். "மாமா" என்று கூப்பிடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓட்டுக் கேட்கப் புறப்பட வந்திருந்த கிளமெண்ட் முந்திக்கொண்டான். "மாமாக்கு ஒடம்பு சரியில்லப்பா. பங்காரப்பேட்டைல ரெடிமேடா விக்கிறாங்க, போய் வாங்கினு வா."

நான் திரைக்குப் பின்னால் பனியனோடு நின்றிருந்தேன். ஓர் அடி எடுத்து வைத்தால் வெளியே வந்திருப்பேன். வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? டாக்டருக்காகவா, நாற்காலிக்காகவா? தெரியவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

அடக்கம் முடிந்து பாக்கியவதி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். லூயிசாக்கா நல்ல உயரம் இல்லையா, பங்காரப்பேட்டைப் பெட்டி பத்தவில்லை. முழங்காலை மடக்கி வைத்து மூடினார்களாம்.

"உள்ள புடிச்சி அழுத்தினாங்கய்யா. அந்தப் பையன் பாத்துனு நின்னான்."

ஐயோ.

சாயந்திரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அடுத்த லைனுக்கு ஓட்டுக் கேட்கப் போனேன். உடம்பு சரியில்லாத ஆள் கும்பிட்டுக்கொண்டு வருவதை எல்லாரும் பார்த்தார்கள். 

பிப்ரவரி 22, ஞாயிறு

ஓட்டுப்பதிவு. இவான் வரிசையில் நின்றான். நான் கும்பிட்டேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 25, புதன்

மூன்றாவது இடம். டெபாசிட்டும் போனது. வீட்டுமனை சைட் விற்கிற மனோகர் ஜெயித்துவிட்டான். அவன் நோட்டீஸில் தெருவிளக்கு உண்டு, கோயில் வளைவு உண்டு, டாக்டர் கிடையாது.

கிளமெண்ட் ராத்திரி வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று நினைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கிளமெண்ட் நேற்று போய்விட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை அவன் பையன்கள் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். கோலார் போய்ச் சேரவில்லை.

எனக்குச் சொல்லியனுப்பவில்லை. பால்காரன் சொல்லித்தான் தெரியும். பட்டறையைத் திறந்தேன். அளவெடுக்கப் போகவில்லை, அவனை எனக்குத் தெரியாதா? மத்தியானத்துக்குள் முடித்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவன் மனைவி வினோலியா எழுந்து வாசலுக்கு வந்தாள். "அத எடுத்துனு போங்கண்ணா. பங்காரப்பேட்டைக்குச் சொல்லியாச்சு." நான் நகரவில்லை. அவளுக்குக் குரல் ஏறிவிட்டது. "லூயிசாக்கா செத்த அன்னிக்கு எங்கூட்டுக்காரரப் பொய் சொல்ல வெச்சீங்களே. ஜென்மத்துல ஒரு பொய் பேசாத மனுசன். ஓட்டுக்காகத்தானே?"

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. இவானும் நின்றிருந்தான். உள்ளே பெஞ்சில் கிளமெண்டைக் கிடத்தியிருந்தார்கள், வாசலிலிருந்தே கால் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன். "நான்தான் சொல்லச் சொன்னேன்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டுவிட்டு, கல்லறைக்குக் கூட்டத்தோடு பின்னால் நடந்தேன். யாரும் கயிறு பிடிக்கக் கூப்பிடவில்லை. பிடித்த பையன்களுக்குப் பழக்கமில்லை. தலைப்பக்கம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள், பெட்டி சாய்ந்து இடித்தது.  வரிசையில் நின்று, என் முறை வந்ததும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.