அகலத் திரையின் இடது ஓரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசினால் ஸ்பீக்கரில்தான். பக்கத்தில் அப்பா இருப்பார். மெசேஜ் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். இது அப்படி விடக்கூடிய விஷயம் இல்லை.

நீ அனுப்பிய டிவி கூடத்தில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லாமல் பொருந்தியிருக்கிறது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கதாநாயகி மூஞ்சில பவுடர் திட்டுத்திட்டா இருக்கிறதுகூடத் தெரியுதுடி" என்று பக்கத்து வீட்டு அக்காவை இழுத்து வந்து காட்டினாள். விளக்கை அணைத்துவிட்டால் சுவரே காணாமல் போகிறது. கடலைக் காட்டினால் கடல் மட்டும்தான். நானும் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு அதன் முன் உட்கார்ந்துவிடுகிறேன்.

அப்பா மட்டும் போனில் உன்னிடம், "இவ்ளோ அகலம் எதுக்குடா? கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாக்க வேண்டியிருக்கு. திருப்பிக் குடுத்துட்டு சின்னதா ஒண்ணு வாங்கு" என்றார். "எது வாங்கிக் குடுத்தாலும் உங்களுக்கு நொட்டைதான்" என்று நீ போனை வைத்தாய். மூன்று வாரமாக அவரிடம் பேசவில்லை.

அண்ணா, அவர் நொட்டை சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிரிப்புப் படம். திரையின் நடுவில் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிறார். இடது ஓரத்தில் ஒரு திருடன் அவருடைய சட்டையையே மாட்டிக்கொண்டு தலை வாருகிறான். நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பழைய டிவியில் எல்லாம் அவர் பார்வைக்குள் அடங்கிவிட்டது. அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

மறுநாள் அவர் ஓட்டும் பள்ளி வேனைச் சுற்றிப் பார்த்தேன். இடதுபக்கம் நீள நீளமான கீறல்கள். மேலே மஞ்சள் பெயின்ட் பூசியிருந்தார். கேட்டதற்கு, துடைக்கிற துணியை உதறிக்கொண்டே, "நடுவுல நல்லாத் தெரியுதும்மா. ஓரந்தான் கொஞ்சம் மங்கல். இந்தப் பள்ளிக்கூட வருஷம் முடியட்டும், டாக்டரப் பாக்கலாம்" என்றார். 'எனக்குப் புஸ்தகம் படிக்கத் தெரியாது, ரோட்டப் படிப்பேன்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் மனிதர், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "நாலெழுத்து படிச்சிட்டேன்னு அவரு பொழப்புல கைய வைக்காத" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குச் சுலபமாக வரும், உனக்குத் தெரியும்.

இன்று மாலை வழக்கம்போல வேனில் அவர் பக்கத்து இருக்கையில் வீடு திரும்பினேன். கடைசிப் பிள்ளையை அவள் தெருவில் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க அவள் வண்டியின் இடதுபக்கமாகத் திரும்பி ஓடிவந்தாள். நான் கத்திக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். பாட்டில் நசுங்கியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "எங்க அம்மா திட்டுவாங்க" என்று பாட்டிலைக் காட்டினாள். அப்பா என்னிடம், "அவ எங்கிருந்தும்மா வந்தா?" என்று கேட்டார். என் கண்ணுக்கு முழுசாகத் தெரியும்படிதான் அவள் வந்தாள்.

சாவியைக் கேட்டேன். தரவில்லை.

நாளைக் காலை அவர் வண்டி எடுக்கும் முன்பே தலைமையாசிரியையின் வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். அதே பள்ளியில் படித்த பன்னிரண்டு வருஷத்தில் அவர் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அப்பாவிடம் வண்டி இருக்காது. பெத்த பொண்ணே காட்டிக் குடுத்துட்டா என்பார். என்னோடு பேச மாட்டார். நான் கூப்பிட்டால் டாக்டரிடமும் வர மாட்டார். நீ கூப்பிட்டால் வருவார். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் தினமும் போன் செய். டிவியைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் சரி என்று கேட்டுக்கொள். அவர் என்னிடம் பேசாமல் எத்தனை நாள் இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். அவருக்குப் பேச ஆளில்லாமல் மட்டும் விட்டுவிடாதே அண்ணா.

வேளைக்குச் சாப்பிடு. ரோட்டைக் கடக்கும்போது பார்த்துக் கட.

உன் பிரியமுள்ள
தங்கை