சூரியன் சும்மா இருந்த வாரம்

மச்சான்,

பாடசாலை மண்டபம் முழுக்க, மறைப்புக்குக் கட்டிய புதுத் தறப்பாள் வாசனை. உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனங்கள்தான் உள்ளே தங்கியிருக்கிறார்கள். நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பாயும் சட்டியும் கிடக்கின்றன. போன வாரம் காலையில், எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், நிலம் அதிர்ந்தது. முதலில் ஒரு சின்ன உதறல்தான். சனங்கள் ஓடி மைதானத்துக்கு வந்த பிறகு உங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அவரு பழக்கிவிட்ட ஓட்டம், சேர்" என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். நீ போய் ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

உடப்புசல்லாவைப் பக்கம் மண் சரிந்து உன் அக்கா குடும்பத்தையே மூடிய அந்த மழைக்காலத்துக்கு முன்பு நீ இப்படி இல்லை. ராகலையிலிருந்து ஏணியும் வயருமாகப் புறப்பட்டு வீடு வீடாக டிவி டிஷ் பூட்டுவாய், கூரை மேலிருந்தே கீழே இருப்பவர்களோடு வம்பளப்பாய். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு உன் வாயிலிருந்து ஒரே பேச்சுத்தான். "கொஞ்சம் முன்னாடி யாராச்சும் சொல்லியிருந்தா போதும்டா. அவ பிள்ளைகள தூக்கிட்டு ஓடியிருப்பா."

அடுத்த வருசம் நம் பக்கம் நிலம் லேசாக ஆடி லயத்துச் சுவர்களில் கீறல் விழுந்தபோது, நீ போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். சூரியனில் ஏதோ வெடிக்கிறதாம், அது நடந்த சில நாளில் பூமி ஆடுகிறதாம் என்று யாரோ பேசும் வீடியோ.

"மார்ச்சுலயும் ஒக்டோபர்லயும் சூரியன் டிஷ்ஷுக்கு நேரா வந்தா படமே போயிடுது. அவ்வளவு தூரத்துல இருந்து இத செய்யுதுன்னா, மண்ண ஆட்டாதா?"

அது வேறு, இது வேறு என்றேன். சூரியனில் வெடிப்பு அடிக்கடி நடக்கிறது, பூமியும் எங்காவது ஒரு மூலையில் தினமும் அதிர்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துகிற மாதிரித்தான் தெரியும் என்று சொன்னேன். ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நம்பி நடக்கிற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன்.

"சம்பந்தமே இல்லன்னு முடிவா சொல்லிட்டாங்களா?"

"முடிவா அப்படி சொல்ல முடியாதுடா."

"அப்ப போதும்" என்று எழுந்துவிட்டாய். உனக்கு வேண்டியிருந்தது முன்கூட்டிப் பேசுகிற ஏதோ ஒன்று. பூமி பேசாது. சூரியன் பேசுவதாக நீ நம்பினாய்.

பெரிய வெடிப்பு என்று செய்தி வந்த முதல் தடவை, லயம் முழுக்க உன் பின்னால் வந்தது. கதவை எப்படித் திறந்து வைப்பது, பிள்ளைகளை யார் தூக்குவது, மைதானத்தின் எந்தப் பக்கம் நிற்பது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் செய்து காட்டினாய். பனியில் நடுங்கியபடி கோயில் மடத்தில் படுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த தடவை பாதிப் பேர்தான் வந்தார்கள். ஒரு கைக்குழந்தைக்குச் சளி கட்டியதும் அதன் தாய் மடத்து வாசலில் நின்று உன்னைத் திட்டித் தீர்த்தாள். வதந்தி பரப்புகிறாய் என்று பொலிஸில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். டிஷ் பூட்டக் கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். "சூரியன் என்ன சொல்லுதாம்?" என்று பஸ்ஸில் வைத்தே கேலி பண்ணினார்கள். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்தவன் நான்.

கடைசியில் நீ மட்டும்தான் வெளியே படுத்தாய். உன் மனைவி சாந்தி எவ்வளவோ கெஞ்சினாள். "உள்ள வாங்க, செத்தா எல்லாரும் ஒண்ணா சாவோம்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். இருமல் நெஞ்சுக்குள் இறங்கிய பிறகு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ திரும்பி வரவில்லை.

இந்த அதிர்வுக்குப் பிறகு நான் தேடிப் பார்த்தேன், மச்சான். அந்த வாரம் சூரியன் அமைதியாகத்தான் இருந்திருக்கிறது. சொல்லும்படியான வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் மண்டபத்தில் இப்போது எல்லாரும் உன்னைத் தீர்க்கதரிசி மாதிரிப் பேசுகிறார்கள். முன்பு கேலி பண்ணியவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

நேற்று சாந்தி என்னிடம் வந்தாள். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அண்ணே, அவரு சொன்னது சரியா போச்சு இல்ல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த ஒரு சொல் போதும். ஆனால் அடுத்த தடவை சூரியனில் வெடிப்பு என்று போனில் வந்தால், இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளும் பனியில் போய்ப் படுப்பாளே.

"ஓடச் சொன்னது சரி தங்கச்சி. அவரு இல்லன்னா அந்த வீட்ல இன்னைக்கு சாவு. ஆனா சூரியன் அந்த வாரம் சும்மாதான் இருந்துச்சு."

பின்னிய கை நின்றது.

"அப்ப எத பாத்து ஓடுறது?"

"மழைன்னா மண்ண பாக்கலாம். மரம் சாயுதா, தண்ணி கலங்கி வருதான்னு பாக்கலாம். சுவரு கீறலையும் பாக்கலாம்."

"பூமி ஆடுறதுக்கு?"

"அதுக்கு முன்கூட்டி பாக்க ஒண்ணும் இல்ல, தங்கச்சி."

அவள் அவிழ்ந்த முடியைச் சேர்த்து எடுத்தாள். பிறகு மறுபடியும் பின்னத் தொடங்கினாள். "நல்லவேள, இது அவருக்கு தெரியாமலே போச்சு" என்றாள்.

உனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் கேட்ட அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்தும், முன்கூட்டிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்பதோடு உன்னால் இருக்க முடியவில்லை. இப்போது அதோடு நான் இருக்கிறேன்.