கத்திக்காரனும் குழாய்க்காரரும்

இன்று காலை என் தொண்டையில் அந்த மரப்பு மருந்தை அடித்தார்கள். அடித்த நொடியிலேயே வாழைப்பழ எசென்ஸ் போல ஒரு வாசனை மூக்கில் ஏறியது. சில மாதங்களாக எனக்கு நெஞ்செரிச்சல், குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று படுத்திருந்தேன். உம்முடைய அறை, உம்முடைய கட்டில். உம்முடைய இடத்தில் இப்போது இருக்கும் இளம் பெண் டாக்டர், "சார், இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்றார். கண்ணில் நீர் வழிந்தது. குழாய் உள்ளே போகும்போது எல்லோருக்கும் வழிவதுதான் என்று அவர் நினைத்திருப்பார். பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் அந்த வாசனை என்னோடு வீடுவரை வந்துவிட்டது. மாலைத் தேநீருக்கு நீர் கேண்டீனுக்குள் நுழையும்போதெல்லாம் உம் சட்டையில் இருந்த வாசனை அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் நண்பர்கள் என்று வெளியே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரிக்கு நீர் வந்து சேர்ந்தபோது நான் அங்கே பத்தாண்டுப் பழம். வயிற்றைத் திறந்து வைத்தியம் செய்கிறவன். நீர் மேலப்பாளையத்துக்காரர், வடக்கே எங்கோ பயிற்சி முடித்து, வாய் வழியாகக் குழாயை விட்டே எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று வந்து நின்றீர். முதலில் இரத்தம் கசியும் குடற்புண்கள் என்னிடமிருந்து உம்மிடம் போயின. அப்புறம் பித்தக் குழாய்க் கற்கள். ஒருநாள் கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து, "உம்ம கத்தி துருப்பிடிக்கப் போவுது வே. எண்ணெய் போட்டு வையும்" என்றீர். நானும் விடவில்லை. "உம்ம கொழாய் ஓட்டை போட்டா தைக்க யாரு வரணும்? நாந்தான வரணும்?" என்றேன். அன்றிலிருந்து நான் கத்திக்காரன், நீர் குழாய்க்காரர். நர்சுகள்கூட அப்படித்தான் நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

நம் சண்டை விளையாட்டாக இருந்ததெல்லாம் பார்வதி வரும்வரைதான்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் நடத்திக்கொண்டிருந்த பெண். நாற்பது வயதுக்கு எலும்பும் தோலுமாக இருந்தாள். விழுங்கியது எதுவும் கீழே இறங்குவதில்லை. உணவுக்குழாயின் அடிவாசலில் இருக்கும் தசை, சோறு வரும்போது திறக்க வேண்டியது, அவளுக்குத் திறக்காமல் இறுகிப்போயிருந்தது. வாயு என்றார்கள், மனக்கோளாறு என்றார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதை விட்டு வருடக்கணக்காகிவிட்டது. வீட்டில் புறவாசலுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய், நின்றபடி தின்று, சோறு இறங்குவதற்காகக் குதிப்பாளாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். பக்கத்திலிருந்த கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோய் என்னவென்று கண்டுபிடித்தது நீர். வைத்தியம் எது என்பதில்தான் நமக்குள் முட்டிக்கொண்டது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, வெளியிலிருந்து அந்தத் தசையை வெட்டி, அமிலம் மேலே ஏறாமலிருக்க இரைப்பையின் ஒரு மடிப்பை இழுத்துவந்து காவலாகத் தைத்துவிடுவது என் வழி. நீரோ வாய் வழியாகப் போய், உணவுக்குழாயின் சுவருக்குள்ளேயே ஒரு சுரங்கம் தோண்டி, அதே தசையை உள்ளிருந்து வெட்டிவிடலாம் என்றீர். வயிற்றில் ஒரு கீறல் இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்.

"கதவத் தொறந்து விடுதீரு, சரி. தாழ்ப்பாள் எங்க வே? அமிலம் மேல ஏறிட்டே இருக்குமே" என்றேன்.

"அதுக்கு மாத்திரை இருக்குல்லா?"

"காலம் பூரா மாத்திரை திங்கவா?"

அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்வதிதான் குறுக்கிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பைய சண்டய முடிச்சிட்டுச் சொல்லுங்க சார். அதுக்குள்ள ஒரே ஒரு இட்லியாவது எறங்குதான்னு நான் பாத்துட்டு வாரேன்."

இரண்டு வழியின் நல்லது கெட்டதையும் அவளிடமே விளக்கிச் சொன்னோம். அவள் உம் வழியைத் தேர்ந்தெடுத்தாள்.

அருமையாகச் செய்தீர். கண்ணாடிக்கு வெளியே நின்று திரையில் பார்த்தேன். காகிதம் போல மெலிந்த சுவருக்குள், ஒரு பக்கம் நெஞ்சுக்கூடு, மறுபக்கம் உணவுப்பாதை, நடுவில் உம் கத்தி நுனி. இழையிழையாகத் தசை பிரிந்துகொண்டு வந்தது. கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பொறாமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். சில வாரங்களில் பார்வதி கன்னம் உப்பி வந்து நின்றாள், இரண்டு பேருக்கும் அப்பளக் கட்டு கொண்டுவந்தாள். "கல்யாண வீட்டுல பந்தியில ஒக்காந்து சாப்ட்டேன் சார்" என்றாள்.

அதற்கப்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சேரன்மகாதேவியிலிருந்து, திருச்செந்தூரிலிருந்து, அந்தப் பக்கம் தென்காசியிலிருந்தும். நிர்வாகம் 'தழும்பே இல்லாத சிகிச்சை' என்று ஒரு பலகை எழுதி வாசலில் வைக்கப் பார்த்தது. நீர் அதை எழுதியவரைக் கூப்பிட்டு, "வெளிய தழும்பு இல்லன்னு வேணா போடுங்க. உள்ள போட்டுருக்கோம்லா" என்றீர். பலகை மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது.

ஒரு வருடம் கழித்து நீர் செய்த காரியத்தைத்தான் நான் இன்றும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பார்வதியை மறுபடி வரச்சொன்னீர். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். "நான் நல்லாத்தான இருக்கேன், எதுக்கு மறுபடியும் கொழாய வுடுதிய?" என்று அவள் முரண்டு பிடித்தாள். கணவர் காசுக்காகக் கூப்பிடுகிறோமோ என்றே சந்தேகப்பட்டார். உம் செலவிலேயே பார்ப்பதாகச் சொல்லிப் படுக்கவைத்தீர். உள்ளே உணவுக்குழாயின் அடிப்பகுதி அமிலத்தில் வெந்து, பட்டை பட்டையாகப் புண்ணாகியிருந்தது. அவளுக்கு ஓர் எரிச்சலும் தெரியவில்லை.

அன்று மாலை கேண்டீனில் உம் தேநீர் ஆறிப்போனது. "நீரு சொன்னது சரிதான் வே" என்று மட்டும் சொன்னீர்.

அதோடு விட்டிருக்கலாம். பார்வதிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் எரிகிறது என்று வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கலாம். நம் கூடப் பணிபுரிந்த ஒருவர் அப்படித்தான் புத்தி சொன்னார்: "தேடிப் போனா கெடைக்கத்தான் செய்யும். சும்மா இரும்." நீர் சும்மா இருக்கவில்லை. அந்த வைத்தியம் செய்துகொண்ட ஒவ்வொருவரையும் நீரே போனில் அழைத்து வரவழைத்தீர். பலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்குப் புண் இருந்தது. மாத்திரை கொடுத்து, மறுபடி பார்த்து, ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் விட்டீர். பார்வதிக்கும் ஆறியது.

வண்ணார்பேட்டை ஓட்டலில் ஊர் டாக்டர்கள் கூடும் மாதக் கூட்டத்தில் அந்த முறை பேச்சு உம்முடையது. வெற்றிக் கதை கேட்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். நீர் முதல் படமாகவே அந்தப் புண்ணைப் போட்டீர். அடுத்த படமும் புண். எல்லாம் உம் கை பட்ட நோயாளிகள். பின்வரிசையிலிருந்து ஒரு மூத்தவர் எழுந்து, "ஏன் டாக்டர், ஒங்க வேலையில நீங்களே மண்ணள்ளிப் போடுதிய?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

நீர் சிரிக்கவில்லை. "நான் வழியத் தொறந்தேன், சார். காவல் வைக்கல. சுகமாயிட்டுன்னு நெனச்சு வீட்ல இருக்கவங்களுக்கு உள்ள புண்ணு இருக்கு. அத நான் சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?" என்றீர். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவரு அன்னைக்கே சொன்னாரு. நான் கேக்கல" என்றீர்.

எத்தனையோ நாள் நான் காத்திருந்த வார்த்தை அது. ஊரே கேட்க, நீர் தோற்றதை ஒப்புக்கொண்டீர். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. என் அறுவைகளுக்குப் பிறகு, நன்றாக இருக்கிறேன் என்றவர்களை நான் ஒருமுறையாவது கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேனா என்றுதான் யோசித்தேன். அடுத்த வாரமே கூப்பிடத் தொடங்கினேன். என் காவல் தையல் இறுகிப்போய், விழுங்கச் சிரமப்பட்டுக்கொண்டே, சொல்லக் கூச்சப்பட்டு வீட்டிலிருந்தவர்கள் இரண்டொருவர் அகப்பட்டார்கள்.

அதற்கப்புறம் நம் சண்டை வேறு மாதிரி ஆயிற்று. எந்த வழி உசத்தி என்பது போய், இந்த ஆளுக்கு எந்த வழி என்று சண்டை போட்டோம். உம் ஊர்ப் பையன் ஒருவன், சவூதியில் கடை வேலை, விடுமுறையில் வந்தவன், அதே நோயோடு வந்தான். நீரே அவனை என் அறைக்குக் கூட்டிவந்தீர்.

"இவன் உம்ம கேசு வே."

"ஏன், உம்ம கொழாய்க்கு என்னாச்சு?"

"அங்கன போயி ஒழுங்கா மாத்திரை திம்பானா? வருசா வருசம் வந்து காட்டுவானா? இவனுக்குக் காவலோட செஞ்சு அனுப்பும். நமக்குத் தெரிஞ்ச வேலைய செய்யப்பிடாது. அவனுக்கு வேண்டிய வேலையத்தான் செய்யணும்."

அறுவை அன்று நீரும் உள்ளே வந்து, வாய் வழியாகக் குழாயை இறக்கி நின்றீர். வயிற்றுக்குள் இருந்த என் விளக்கைக் குறைக்கச் சொன்னீர். நான் வெளியே தசையை வெட்ட வெட்ட, உம் குழாயின் வெளிச்சம் உள்ளிருந்து மெல்லிய சுவர் வழியாக ரோஸ் நிறத்தில் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் கீழ... பைய... போதும், நிறுத்தும்" என்று சொல்லிக்கொண்டே வந்தீர். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன்பும் பின்பும் கத்தி பிடித்ததில்லை. பலமுறை வயிறு திறக்கப்பட்ட பெரியவர்கள் வந்தால் நான் உம்மிடம் அனுப்புவேன். தசை நெடுக இறுகிப் போனவர்களையும் அனுப்புவேன். அவ்வளவு உயரத்துக்கு என் கத்தி எட்டாது.

பிறகு உம் கண் மஞ்சளானது. கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. ஸ்கேன் படத்தை நீரும் நானும் ஒன்றாகத்தான் பார்த்தோம். பார்த்ததும் உமக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது, ஆனால் வாய் கேட்கவில்லை. "ஒரு தடவ தொறந்து பாத்துருவோம் வே" என்றேன்.

"எதுக்கு? உம்ம மனசு ஆறுறதுக்கா?" என்றீர். கோபமில்லாமல்தான் கேட்டீர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்: "இது உம்ம கேசு இல்ல. எங் கேசும் இல்ல வே. வீட்டுக் கேசு."

மஞ்சளால் வந்த உடம்பரிப்பு தாங்க முடியாமல் போனபோது, உம்மிடம் வேலை கற்ற அந்தப் பெண் டாக்டர்தான் அடைத்திருந்த பித்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற உலோகக் குழலை வைத்தார். மஞ்சள் இறங்கியது, பசி கொஞ்சம் திரும்பியது. அந்த ரமலானில் நோன்பு திறக்கிற நேரத்துக்கு என்னை வரச்சொல்லியிருந்தீர். நோன்பு வைக்க உம்மால் முடியாது; ஆனாலும் பாங்கு சொல்லும்வரை எல்லோரோடும் காத்திருந்து, பேரப்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து நோன்புக்கஞ்சி குடித்தீர். நான் இரண்டாவது வடையை எடுத்தபோது, "உமக்கு எரியும், ஒண்ணு போதும்" என்று தட்டை நகர்த்தி வைத்தீர். பெருநாளைக்கும் இருந்தீர். அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. மேலப்பாளையத்தில் உமக்கு மூன்று பிடி மண் நானும் போட்டேன்.

சென்ற வாரம் ஒரு பெண்மணி வந்தார், வங்கியில் வேலை. இரைப்பையில் ஆரம்ப நிலைப் புற்று, உட்புற மேல்தோலோடு நிற்கிறது. பாதி இரைப்பையை எடுத்துவிட வேண்டும் என்று வேறிடத்தில் சொல்லியிருந்தார்களாம். என்னிடம் நாள் குறிக்க வந்திருந்தார். அந்தப் பெண் டாக்டரையும் என் அறைக்கே வரவழைத்தேன். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். குழாய் வழியாகவே உரித்தெடுக்கப் பார்க்கலாம், ஆழமாகப் போயிருந்தால் மட்டும் என்னிடம் வர வேண்டியிருக்கும் என்று சொன்னோம்.

"ஆபரேசன் பண்ணுத நீங்களே ஆபரேசன் வேண்டாம்னு சொல்லுதியளே சார்?" என்று அவர் கேட்டார்.

"நான் எடுத்தா வயித்துல பாதி போயிரும்மா. ஒரு வாய் சோத்துக்கே வயிறு நெறஞ்சிரும். மொதல்ல அதச் சொல்லிட்டுத்தான் மத்ததச் சொல்லணும்" என்றேன்.

இப்போதெல்லாம் அப்படித்தான். யார் வந்தாலும் என் வழியின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சில பேர் பயந்துபோய் என்னை விட்டுவிட்டு வேறு டாக்டரிடம் போய்விடுகிறார்கள். போகட்டும் வே.